விமானச் சங்கத்தின் பெயரும் சின்னமும்

ஒரு சங்கம் தன் பெயரை மாற்றிக்கொள்வதும், பழைய சின்னத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தரித்துக்கொள்வதும் அதன் அங்கத்தினர்களின் சொந்த விஷயம் என்று கூறுவோர் உண்டு. சீட்டாடும் சங்கமாயின் நாமும் அவ்வாறே விட்டுவிடுவோம். ஆனால், ஆகாயத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் சங்கங்களின் பெயர் நம் தேசத்தில் ஒருநாளும் வெறும் பெயராக இருந்ததில்லை. எவருடைய ஆகாயம், எவர் அனுமதியின்மேல் பறப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பெயரே விடை கூறிற்று.

1929-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு விமானி லைசென்ஸ் வழங்கப்பட்டது. அதன் எண் 1. வழங்கிய ஸ்தாபனத்தின் பெயர் ‘இந்தியா-பர்மா ஏரோ கிளப்’. இரண்டு தேசங்களை ஒரே கயிற்றில் கட்டிய பெயர் அது. அவ்வாறு கட்டும்படி இந்தியர் கேட்டதுமில்லை, பர்மியர் கேட்டதுமில்லை. ஏகாதிபத்தியத்தின் ஆபீஸ் சௌகரியமே அதற்குக் காரணம். 1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. 1948 ஜனவரி 4-ஆம் தேதி அது சுதந்திர நாடாயிற்று. இன்று அந்தப் பெயரில் இந்தியா மட்டுமே நிற்கிறது. ஒரு சொல் உதிர்ந்தது. அதனுடன் ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கும் உதிர்ந்தது. இத்தகைய பெயர் மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும், அந்தப் பெயர் மாறும் வரையில் இந்தியர் கைகட்டிக் காத்திருக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே முதலில் தனியாகப் பறந்துசெல்லும் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகா கான் அறிவித்தார். 1930-இல் மூன்று இந்தியர் அதற்காகப் புறப்பட்டனர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்தார். ஆஸ்பி இன்ஜினீயர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். மன்மோகன் சிங் ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் எழுதிய விமானத்தில் கிளம்பினார். எகிப்தில் டாட்டாவும் ஆஸ்பியும் சந்தித்தபோது, ஆஸ்பியின் இயந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் இன்றிப் பயணம் தடைப்பட்டிருந்தது. டாட்டா தம்மிடமிருந்த உதிரிப் பிளக்கைப் போட்டியாளருக்கே கொடுத்தார். பரிசும் ஆஸ்பிக்கே போயிற்று. பிற்காலத்தில் அவர் சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்குத் தலைவரானார். அந்நியர் இட்ட பெயரின் கீழிருந்தே இம்மூவரும் தேசத்தின் பெயரை ஆகாயத்தில் எழுதினர். காரியம் முன்னே நடந்தது. பெயர் அதன் பின்னே வந்தது.

சின்னத்தின் வரலாறும் இதுவே. 1932 அக்டோபர் 8-ஆம் தேதி தோன்றிய இந்திய விமானப் படை, பிரிட்டிஷ் படையின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்களைத் தாங்கிப் பறந்தது. ஜப்பானிய யுத்தத்தின்போது பகைவரின் செங்கதிர் வட்டத்தோடு மயங்காதிருக்க அதிலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது. 1945-இல் யுத்த சேவைக்கு வெகுமதியாக ‘ராயல்’ என்ற பட்டம் சேர்ந்தது. 1950 ஜனவரி 26-ஆம் தேதி குடியரசு பிறந்தபோது அந்தப் பட்டம் நீங்கிற்று. இன்று மூவர்ண வட்டம் நிலைத்திருக்கிறது. கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவை நிரந்தரமாக அகல்வதற்கோ 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னும் எஞ்சியிருப்பதும் உண்டு. நமது விமானம் ஒவ்வொன்றின் உடலிலும் ‘வி.டி.’ என்ற இரண்டு எழுத்துக்கள் காணப்படுகின்றன. ‘வைஸ்ராய் பிரதேசம்’ என்று அவற்றுக்கு விரிவு கூறுவோர் உளர். அந்த விரிவு ஜனங்கள் கட்டியது. ஆயினும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு ஒதுக்கப்பட்ட எழுத்து வரிசையிலிருந்தே அவை நமக்கு வந்தன என்பது உண்மை. இந்தியாவின் முதலெழுத்தான ‘ஐ’ இத்தாலியிடமும், பாரதத்தின் முதலெழுத்தான ‘பி’ சீனாவிடமும் முன்னமே சென்றுவிட்டன.

வியாபார உலகமோ வேறு வழியில் செல்கிறது. படைகள் உதறிய ‘ராயல்’ பட்டத்தை, நம் ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனி பெருமையுடன் அணிந்திருக்கிறது. 1955-இல் ‘என்பீல்டு இந்தியா’ என்று பிறந்த அது, 1990-களின் நடுவில் ‘ராயல் என்பீல்டு’ ஆயிற்று. மூலக் கம்பெனி இங்கிலாந்தில் மடிந்து வெகுகாலமாயிற்று. பட்டம் மட்டும் காஞ்சி ஜில்லாவில் வாழ்கிறது. இதில் அடிமைத்தனம் இல்லை, வாங்கியவன் நம்மவன். ஆகவே, பழைய பெயர் யாவும் இழிவு என்றோ, புதிய பெயர் யாவும் விடுதலை என்றோ கண்ணை மூடிக்கொண்டு கூற நாம் தயாராக இல்லை.

அப்படியாயின் அளவுகோல் யாது? இங்கிலாந்தின் உதாரணம் ஒன்று பயன்படும். அங்கே தம் விமானத்தைத் தாமே செய்து பறக்கும் சாமான்யர்கள் 1946-இல் ஒரு சங்கம் அமைத்தனர். ‘மிக இலேசான விமானங்களின் சங்கம்’ என்பது அதன் முதற்பெயரின் பொருள். 1952-இல் அது ‘ஜனரஞ்சகப் பறத்தற் சங்கம்’ என்று மாறிற்று. 2008-இல் ‘இலேசான விமானங்களின் சங்கம்’ ஆயிற்று. எந்த அரசும் ஆணையிட்டு மாற்றவில்லை. ஒரு சங்கம் தன்னைத் தானே இன்னதென்று சொல்லிக்கொள்ள உரிமை பெற்றிருப்பதே சுயாட்சியின் சிறிய வடிவம்.

இனி நம் ஊருக்கு வருவோம். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர்; அடுத்திருப்பது பல்லாவரம். அங்கேதான் 1910-இல் டி ஆஞ்ஜெலிஸ் என்ற ஹோட்டல் முதலாளி, சிம்ப்ஸன் கம்பெனியார் செய்துகொடுத்த விமானத்தைப் பரீட்சித்துப் பார்த்தார். இருபது வருஷங்களுக்குப்பின் மதராஸ் பிளையிங் கிளப் தோன்றிற்று. அதன் ஆசிரியராயிருந்த ஸ்ரீ வி. சுந்தரமும் அவர் மனைவி ஸ்ரீமதி உஷாவும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு விமானம் ஓட்டிவந்த தம்பதிகள். 1956-இல் சங்கரலிங்கனார் ‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காக உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்தார். 1969-இல் ராஜ்யத்துக்கு அப்பெயர் வந்தது. 1996-இல் நகரம் சென்னையாயிற்று. விமானச் சங்கத்தின் பெயரிலோ அதன் பிறகும் ‘மதராஸ்’ நீடித்தது.

அதையும் மாற்ற வேண்டுமா? அங்கத்தினர் மனமுவந்து மாற்றுவராயின் நாம் வாழ்த்துவோம். கம்பெனிச் சட்டமும் வழி வகுத்திருக்கிறது. எதிர்ப்பு வோட்டுக்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத வோட்டுக்கள் ஆதரவாக விழுந்தால் தீர்மானம் நிறைவேறும். ஆனால், பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசியதோடு கடமை முடிந்ததென்று எவரும் எண்ணலாகாது. ஒரு மனிதர் உயிர் கொடுத்துக் கேட்டதற்கும், ஒரு கமிட்டி மாலைக் காப்பியுடன் நிறைவேற்றுவதற்கும் தாரதம்மியம் உண்டு.

கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அந்தச் சங்கத்தின் வாசல் எவனுக்குத் திறந்திருக்கிறது? இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் இரவு பகலாக மோட்டார் வண்டிகள் செய்கிறார்கள். மீனம்பாக்கத்து விமானங்கள் அவர்கள் தலைக்குமேலே செல்கின்றன. வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே பூங்கா வகுத்திருக்கிறார்கள். பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்காகக் குடியானவர்களின் நிலம் கேட்கப்படுகிறது. இயந்திரத்தின் சுபாவம் அறிந்த கை இங்கே உண்டு; ஆகாயத்துக்காக நிலம் இழக்கப்போகும் குடும்பமும் இங்கே உண்டு. பறக்கும் வாய்ப்புத்தான் இல்லை. தொழில்முறை விமானியாவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். அது பணக்கார வீட்டுப் பிள்ளைக்கன்றிப் பிறர்க்கு எட்டாது.

அந்நியர் காலத்தில் நிறம் தடுத்தது. இன்று பணம் தடுக்கிறது. தடுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே, பெயரையும் சின்னத்தையும் மாற்றப் புறப்படும் எந்த விமானச் சங்கத்துக்கும் நாம் ஒரு யோசனை கூற விரும்புகிறோம். மாற்றுகிற அன்றே, சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர் குடும்பத்திலும் குடியானவர் குடும்பத்திலும் பிறந்த சில இளைஞர்களையேனும் சங்கச் செலவில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளட்டும். சர்க்கார் அதற்கு மானியம் கொடுக்கட்டும். பறக்கும் சங்கங்களுக்கு அந்நிய சர்க்காரே உதவித்தொகை அளித்தது. சுயராஜ்ய சர்க்கார் அதற்குப் பின்னிடலாகாது. குன்றத்தூர்ப் பிள்ளை ஒருவன் தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு தன் ஊருக்குமேலே பறக்கும் நாளில், புதிய பெயருக்கு அர்த்தம் வந்துவிடும்.