லயக் காம்பராவும் ஓர் ஆய்வுகூடமே

விஞ்ஞானம் என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் நுணுக்குக்காட்டியும் நிறைந்த ஆய்வுகூடமே நமது மனக்கண்ணில் தோன்றுகிறது. அத்தகைய வசதி இல்லாத பாடசாலையில் பயிலும் பிள்ளைக்கு விஞ்ஞானம் எட்டாக்கனி என நாமே முடிவுகட்டி விடுகிறோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளில் தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்களுக்கு நெடுங்காலமாக நிலவிவரும் பற்றாக்குறை இந்த எண்ணத்தை மேலும் வலுப்படுத்தியுள்ளது. அக்குறையை நீக்குவது அரசின் கடமை என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆயினும், ஐந்து வயதுப் பிள்ளையின் ஆர்வம் ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திருப்பதில்லை.

வசதியின்மைக்கு மத்தியிலும் விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. இரண்டாம் உலகப் போரில் பாடசாலைகள் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948இல் யுனெஸ்கோ ஒரு சிறு கைநூலை வெளியிட்டது. எளிய பொருட்களைக் கொண்டு பரிசோதனைகளைச் செய்யும் வழிகளைக் கூறிய அந்நூலே, பின்னர் 1956இல் விரிவான மூலநூலாக வளர்ந்தது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோசங்காபாத் மாவட்டக் கிராமப் பாடசாலைகளில் 1972இல் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டமும் இவ்வழியிலேயே நடந்தது. அதில் பங்கேற்ற அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு கேத்திர கணித வடிவங்களைச் செய்து காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நமது தோட்டங்களிலும் இதற்கான பொருட்களுக்குப் பஞ்சமில்லை. வெறும் தேநீரில் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் நிறம் வெளிறும். சிறிது அப்பச்சோடா சேர்த்தால் கறுக்கும். இளஞ்சூடான பாலில் தேசிக்காய்ச் சாற்றை விட்டால் பால் திரியும். பாலில் தனித்தனியே மிதக்கும் நுண்துணிக்கைகளை ஒன்றையொன்று விலகி நிற்கச் செய்யும் மின்னேற்றத்தை அமிலம் நீக்கிவிடுவதே இதற்குக் காரணம். தந்தை வெட்டிச் சேர்க்கும் இறப்பர் பால் தொழிற்சாலையில் உறைவதும் இதே விதிப்படிதான்.

தகரக் கூரையில் ஆணி கழன்ற துளையூடாக வரும் வெயிலை ஒரு வெள்ளைத் தாளில் ஏந்திப் பார்க்கச் சொல்லலாம். துளை எந்த வடிவினதாயினும், அது சிறியதாக இருந்தால் ஒளிப்பொட்டு வட்டமாகவே விழும். அது துளையின் வடிவமன்று, சூரியனின் விம்பம். சூரிய கிரகணத்தின்போது அந்த விம்பம் பிறையாவதை, பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல்-ஹைத்தம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து எழுதினார். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதையும் பிள்ளைக்கு அப்போதே கூறிவிட வேண்டும்.

இவற்றுள் நாம் முதன்மையானதாகக் கருதுவது மழைமானியாகும். நேரான பக்கங்களைக் கொண்ட பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியைப் பெரியவர் ஒருவர் வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடியில் கூழாங்கற்களை இட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதிலிருந்து மில்லிமீற்றர் அளவுகளை ஒட்டினால் கருவி தயார். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அதை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிப் பழகும் பிள்ளை, விளையாட்டாகவே ஒரு விஞ்ஞானியின் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்கிறது.

இது வெறும் விளையாட்டன்று. 2016 மே மாதம் பெய்த அடைமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியதை நாம் மறந்துவிட முடியாது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகளை வகுத்துள்ளது. வீட்டுப் போத்தல் உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்கு மாற்றாகாது. ஆனால், அந்த எண்களின் பொருளை உணர்ந்த பிள்ளை உள்ள வீடு எச்சரிக்கையை அலட்சியம் செய்யாது.

பெரியவர்கள் செய்ய வேண்டியது சிறிதே. விடையை முந்திச் சொல்லாமல், “என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?” என முதலில் கேட்க வேண்டும். தவறான ஊகத்தைக் கண்டிக்காமல், செய்து பார்க்க விட வேண்டும். தோட்டச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களும் முன்பள்ளிகளும் வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குவது பெருஞ்செலவான காரியமல்ல. கொழுந்துக் கூடையும் இறப்பர் வாளியும் மட்டுமே தமக்கு விதிக்கப்பட்டவையல்ல என்பதை நமது பிள்ளைகள் உணரும் முதற்படி அந்த ஒரு மணித்தியாலமாக இருக்கட்டும்.