அறிமுகத்தின் வலிமை

ஆபத்தில் உதவுவோர் உற்றார் உறவினரே என்பது நம் நம்பிக்கை. ஆனால் வேலை தேடுவோருக்குப் பெரிதும் துணை நிற்போர் ஓரளவே பழகியவர்கள் என்கிறது சமூகவியல்.

அமெரிக்க அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறிய மேலாளர், தொழில்நுட்ப வல்லுநர் முதலியோரை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில், 100-க்குச் சுமார் 17 பேருக்கே அடிக்கடி சந்திப்பவர் உதவியிருந்தார். ஏனையோருக்கு உதவியவர் எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திப்பவரே!

காரணம் யாது? நெருங்கிய நண்பர் அறிந்த செய்தியைப் பெரும்பாலும் நாமும் அறிவோம். அறிமுகமானவரோ வேறு வட்டத்தில் பழகுபவர். நாம் கேளாத செய்தி அவரிடம் உண்டு. புதிய வாடிக்கையாளரைத் தேடும் விற்பனையாளருக்கும் இது பொருந்தும்.

2003-இல் தொடங்கப்பெற்ற லிங்க்ட்இன், இத்தகைய தொழில்முறை அறிமுகங்களை இணையத்தின் வழியே வளர்க்கிறது. அதன் உறுப்பினர் 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மிக நெருங்கிய தொடர்பைவிட, ஓரளவு தளர்ந்த தொடர்பே வேலைக்கு மிகுதியும் உதவுகிறது என்பதை அதுவும் காட்டிற்று.

அதிகாரிகளை உறவினராகப் பெறாத நம்மைப் போன்றோர்க்கு இது நல்ல செய்தியன்றோ? உறவு பிறப்பால் அமைவது. அறிமுகம் நாமே தேடிக்கொள்வது. படிப்பை முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவருக்கு நான்கு வரி எழுதுவதும் அதற்கு நல்ல தொடக்கமே.