கையை எடுங்க, தம்பி!

விமானம் ஓட்ட வேண்டும் என்று சின்ன வயசு ஆசை. பயிற்சிக்கு ஆகும் லட்சங்களைக் கேட்டதும் ஆசை தரையிறங்கிவிட்டது. மிச்சம், கம்ப்யூட்டரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்தான்.

சிமுலேட்டரைப் போட்டேன். காற்றின் குலுக்கல் உட்பட எல்லாவற்றையும் 'முழு நிஜம்' என்று வைத்தேன். காசு கொடுத்து வாங்கியாச்சு, பாதி நிஜம் எதற்கு?

அமெரிக்காவின் அரிஸோனாவில் செடோனா என்று ஓர் ஊர். சுற்றிலும் செக்கச்செவேலென்று பாறைகள். 4,830 அடி உயரத்தில், மேஜை மாதிரி ஒரு குன்றின் தலையில் ஓடுதளம். திரையில் அங்கிருந்துதான் செஸ்னா 152-ல் கிளம்பினேன். அங்கே மத்தியானம் இரண்டு மணி. முதல் பாடம்: உயரம் மாறாமல் நேராகப் பறப்பது.

விமானம் எழும்பியது, ஸ்டிக்கை அமுக்கினேன். இறங்கியது, இழுத்தேன். உயரமானி முள் ராட்டினம் சுற்றியது. மூன்று நாளும் இதே கதை. 'நமக்கு டவுன் பஸ்தான்' என்று ஜாய்ஸ்டிக்கைப் பரணில் போடப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். விமானப் படையில் பைலட்டாக இருந்து ரிடையரானவர். ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தார்.

"பிளேனை ஆட்டறது காத்தா, நீங்களா?"

"காத்துதான் சார்."

ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்தும் 'ட்ரிம்' சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். "எங்கே, கையை எடுங்க."

எடுத்தேன். ஆச்சரியம்! நாலு குலுக்கு குலுக்கிவிட்டு மூக்கு தானாகவே பழைய நிலைக்கு வந்தது. சாய்ந்த இறக்கையை நிமிர்த்த ஒரு விரல் போதுமாக இருந்தது.

"காத்து தட்டினது ஒரு தரம். நீங்க தட்டினது பத்து தரம்!"

விஷயம் இதுதான். வெயிலில் காய்ந்த பாறை, மேலே உள்ள காற்றைச் சூடாக்கி எழுப்புகிறது. பக்கத்தில் குளிர்ந்த காற்று இறங்குகிறது. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 757 கிலோவைத் தாண்டக்கூடாத செஸ்னாவுக்கு அது குண்டும் குழியுமான ரோடு. நிஜ விமானத்தில் அந்தத் தூக்கல் ஸீட்டிலேயே தெரியும். என் வீட்டு நாற்காலி அசையாதே! முள் நகர்ந்து, கண் பார்த்து, கை போவதற்குள் காற்று வேறு பக்கம் தள்ளிவிடும். என் தப்பு எது, காற்றின் வேலை எது என்று பிரிக்கவே முடியாது.

"எங்களுக்கே ஆரம்பப் பாடமெல்லாம் வெயில் ஏறுமுன்னதான், தம்பி."

எட்வின் லிங்க் 1929-ல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியின் பிற்கால மாடல்களிலேயே முரட்டுக் காற்றுக்கென்று தனி ஏற்பாடு உண்டு. வேண்டும்போது மட்டும் போடுவார்கள். நான் முதல் நாளே முழுசாகப் போட்டவன்!

காற்றை நிறுத்தி ஒரு வாரம். காலை ஆறு மணிக் காற்றில் ஒரு வாரம். நேற்று மறுபடி முழு நிஜம், மத்தியானம் இரண்டு மணி. குலுங்கியது. ஆனால் நேராகப் போனேன்!

இன்று ஆபீஸில் மானேஜர் குதித்தார். பதில் பேசாமல் காத்திருந்தேன். நாலு குலுக்கல்தான், தானாகவே நேரானார்.