முட்டம் முதல் மண்டைக்காடு வரை... கடலைக் கூட்டிக்கொண்டு ஒரு காலை நடை!

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி ஊருக்குள் நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம் ‘‘முட்டம் போகணும்’’ என்று மட்டும் சொன்னால், ஐந்து நிமிடத்தில் சின்னமுட்டத்தில் இறக்கிவிட்டுவிடுவார். அதுவும் மீன்பிடித் துறைமுகம்தான். ஆனால், நாம் தேடுகிற முட்டம் அதுவல்ல. அது மேற்கே, அரபிக்கடல் பக்கம், 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து டவுன் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். ரயிலில் வருகிறவர்களுக்கு இரணியல் பக்கம்.

இந்த இரண்டு ஊருக்கும் பெயரைத் தாண்டி இன்னொரு வித்தியாசமும் உண்டு. சின்னமுட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனால், விசைப்படகுகள் ஓய்வெடுக்கும் மாதம் வேறு. விருந்தாளிக்கு மீன் குழம்பு வைக்கிற வீடுகளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முட்டத்தில் ஆரம்பித்து, கடியபட்டணம், மணவாளக்குறிச்சி வழியாக மண்டைக்காடு அம்மன் கோயில் வரை ஏழெட்டு கிலோமீட்டர் நடை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் முதுகில்தான் விழும். கடல் இடது கைப் பக்கம் கூடவே வரும். வேடிக்கை பார்த்து, டீ குடித்து, நின்று நின்று போனாலும் பத்து மணிக்குள் முடித்துவிடலாம்.

சினிமா நின்ற பாறை

முட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தேடி வருவது கடலை அல்ல, பாரதிராஜாவை! 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’. கார்த்திக்கும் ராதாவும் திரைக்கு வந்த படம். ஐந்து வருடம் கழித்து 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’. வில்லனாகவே பார்த்த சத்யராஜை சின்னப்பதாஸாக மாற்றிய படம். ரேகாவுக்கு அது முதல் படம். இந்தப் பாறைகள், மணல் மேடு, தென்னை எல்லாவற்றையும் தமிழ்நாடே பார்த்துவிட்டது. அப்பாக்கள் பாறையைக் காட்டி ஏதோ விளக்க, பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு நிற்கும் காட்சியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் இங்கே பார்க்கலாம்.

ஆனால், கேமராவுக்கு அதிகம் சிக்காத ஒன்று இந்த ஊரின் மண். கடலை ஒட்டிய மேட்டில் செக்கச்செவேல் என்று தேரி மண். மழை ஓடி ஓடி அதில் ஆழமான வரிப் பள்ளங்களை அரித்து வைத்திருக்கிறது. கீழே கறுத்த பாறை, நடுவில் சிவந்த மண், மேலே பனையும் தென்னையும். வாங்கிய போஸ்ட் கார்டில்கூட இந்த வண்ணம் சரியாக வந்ததில்லை.

மேட்டின் மேல் நிற்கிறது கலங்கரை விளக்கம். ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமானம். இந்தக் கரையோரம் கடலுக்குள் மறைந்தும் மறையாமலும் கிடக்கும் பாறைகளைப் பார்த்தாலே, விளக்கு ஏன் இங்கே தேவைப்பட்டது என்று புரிந்துவிடும். உள்ளே ஏற அனுமதிக்கும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை நடைக்கு வருகிறவர்களுக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் வாய்க்கும். அதிலும் குறையில்லை.

ஊருக்குள் சகல புனிதர் ஆலயம். புனித சவேரியார் 1544-ம் ஆண்டின் கடைசியில் திருவிதாங்கூர் கரையோரமாக நடந்தே வந்தவர். ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அடுத்த ஆண்டு கடிதத்தில் எழுதினார். அந்தக் கிராமங்களின் வரிசையில் முட்டமும் கடியபட்டணமும் உண்டு. நாம் காலை நடைக்குக் கிளம்பியிருப்பது, பார்க்கப்போனால், ஐந்நூறு வருடப் பழைய நடைபாதையில்தான்!

சத்தியபாமா பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ஜேப்பியார் பிறந்ததும் இந்த ஊரில்தான். முட்டத்தின் மீன்பிடித் துறைமுகத்திலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காற்றே இல்லை, அலை மட்டும்!

பாறையில் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம். 2024 மே 6-ம் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே சற்று தூரத்தில் இருக்கும் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குப் புயல் இல்லை, மழை இல்லை. வெயில் அடித்த நல்ல நாள்.

இதற்கு மேற்குக் கரை மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கள்ளக்கடல்’. திருடன் மாதிரி சொல்லாமல் வருகிற கடல். இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் புயல் அலைகளைக் கிளப்பி விடுகிறது. அந்த அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும்போது, இங்கே காற்றில் எந்த அறிகுறியும் இருக்காது. மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் இருக்கும் ‘இன்காய்ஸ்’ நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த மே மாதமும் எச்சரிக்கை இருந்தது.

செய்தி வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. எனக்குத் தெரிந்த இன்னொரு வழி, வலை சீர் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்பது. நான் பாறையை நோக்கி நடந்தபோது ஒருவர் தலை தூக்காமலேயே, ‘‘ஈரமான பாறைக்கு மேல ஏறாதுங்க மக்களே, காஞ்சதுல நில்லுங்க’’ என்றார். அவ்வளவுதான். எந்தப் பலகையிலும் இத்தனை தெளிவாக எழுதி நான் பார்க்கவில்லை. பாறை நனைந்திருக்கிறது என்றால், சற்று முன் அலை அதுவரை வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

சாளையும் கறுப்பு மணலும்

முட்டத்தில் இருந்து கடியபட்டணம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வீடுகள் விடாமல் தொடர்ந்து வரும். ஃபைபர் வள்ளங்கள் கரையேறும் நேரம் என்றால் நடையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சாளை, அயிலை, நெத்தோலி குவிந்து கிடக்க, ஏலம் போகும் வேகத்தில் நமக்கு ஒரு எண்கூடப் பிடிபடாது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் மட்டும் எல்லாம் புரிந்துவிடுகிறது. படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். பல வீடுகளின் பின்வாசலும்கூட.

2004 டிசம்பர் 26 சுனாமியும், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கியும் இந்தக் கரையோரக் கிராமங்களில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுப் போனவை. அதைப் பற்றி நாமாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

கடியபட்டணத்துக்கு மேற்கே வள்ளியாறு கடலில் சேர்கிறது. வேளிமலையில் பிறந்து வரும் சின்ன ஆறு. இந்தப் பக்கத்து வழக்கில் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் ‘பொழிமுகம்’ என்று பெயர். மணல் திட்டு அடைத்துக்கிடந்தால் நடந்தே தாண்டிவிடலாம் போலத் தோன்றும். வேண்டாம். சுற்றுதான் என்றாலும் சாலைப் பாலத்தில் போங்கள்.

பாலம் தாண்டினால் மணவாளக்குறிச்சி. இங்கே கரையில் குனிந்து ஒரு பிடி மணல் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, கனமாக இருக்கும். இந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், கூடவே மோனசைட். கதை கயிற்றில் ஆரம்பிக்கிறது. திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், 1909-ல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம். தோரியம் இல்லாமல் அன்றைய காஸ் விளக்கின் மேன்டில் இல்லை. நம் தாத்தா காலத்துக் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் எரிந்ததே, அந்த வெள்ளை வெளிச்சத்தின் மூலப்பொருள் இந்த மாதிரிக் கரையில்தான் கிடந்தது. இன்று இங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் ஆலை மணலைப் பிரித்தெடுக்கிறது.

இந்த மணல் வெறும் பழங்கதை அல்ல. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கடலோரக் கிராமங்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தன. கதிர்வீச்சு பயம் ஒரு பக்கம். ஏற்கெனவே கடல் அரித்துக்கொண்டிருக்கும் கரையில் இருந்து மண்ணையும் எடுத்தால் வீடு எங்கே நிற்கும் என்ற கேள்வி இன்னொரு பக்கம். ஆலையில் வேலை பார்க்கிற குடும்பங்களும் இதே ஊர்களில்தான் இருக்கின்றன. டீக்கடையில் இதைப் பற்றி வாயைத் திறந்தால் டீ ஆறிவிடும்.

டீ என்றதும் ஞாபகம் வந்தது. கிடைத்தால் மரச்சீனிக் கிழங்கும் சாளை அவியலும் சாப்பிடாமல் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள். சைவம் என்றால் புட்டும் மட்டிப்பழமும். கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

புற்றின் முன்னால்...

மண்டைக்காடு பகவதி அம்மன், சிலையாக அல்ல, புற்றாக இருக்கிறாள். சுமார் 15 அடி உயரப் புற்று. மாசி மாதக் கொடை விழாவுக்கு இருமுடி கட்டிக்கொண்டு வரும் பெண்களால் ‘பெண்களின் சபரிமலை’ என்றே பெயர். தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வது இங்கே வழக்கம். கோயிலில் இருந்து கடல் கூப்பிடு தூரம். கும்பிட வருகிறவர்கள் கடலில் கால் நனைக்காமல் போவதில்லை.

அந்தக் கடற்கரையில்தான் 1982 மார்ச்சில், கொடை விழா நாட்களில், இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கலவரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது. அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து, இரு தரப்பு மக்களிடமும் பேசி அமைதிக்காகப் பாடுபட்டார்.

தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ வெளியானது 1981 ஜூலை. காதலுக்காக ஒரு பையன் பூணூலையும் ஒரு பெண் சிலுவையையும் கழற்றிவிட்டு நடக்கிற முடிவு. தமிழ்நாடு முழுக்கக் கைதட்டியது. அந்தக் காட்சிகளைக் கொடுத்த கரையில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஒரு வருடம்கூட முடியாத நேரத்தில், இது நடந்தது. நாகர்கோவிலில் இருக்கும் என் அத்தைக்கு அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது மீன் ஞாபகம்தான். தினமும் வாசலில் கூடையை இறக்கி வைத்து, ‘‘அக்கா, சாளை வேணுமா?’’ என்று கேட்கிற பெண் பல வாரம் வரவில்லையாம். ஒரு நாள் திரும்பி வந்தபோது, இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ‘‘வழக்கத்தைவிட ரெண்டு மீன் கூடப் போட்டா. நானும் பேரம் பேசல’’ என்பார் அத்தை.

நான் கோயிலை விட்டு வெளியே வந்தபோது மணி பத்தேகால். பஸ் நிறுத்தத்தில் நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக ஒரு அம்மா. எதிரே அலுமினியப் பாத்திரத்தில் அயிலையோடு, கழுத்தில் ஜெபமாலையோடு இன்னொரு அம்மா.

‘‘நாப்பதுக்குத் தா பிள்ளே!’’

‘‘கட்டாதுக்கா. அம்பது.’’

நாகர்கோவில் பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் கிளம்பும் வரை இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.