மரத்தில் தொங்கும்போது உயிர் எந்த பக்கிளில் இருக்கிறது? 'ட்ரீ சேடில்' சொல்லும் பாதுகாப்புப் பாடம்!

தரையிலிருந்து 20 அடி உயரம். மரத்தின் தண்டைச் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிற்றோடு இணைந்த துணி இருக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வில்லும் அம்புமாக ஒருவர் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறார். அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் பல மாநிலக் காடுகளில் பார்க்கக்கூடிய காட்சி இது. அங்கே உரிமம் வாங்கி, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வெள்ளைவால் மானை வேட்டையாட அனுமதி உண்டு. மரத்தில் இப்படித் தொங்கியபடி காத்திருக்க உதவும் அந்த இருக்கையின் பெயர்தான் 'ட்ரீ சேடில்'.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். 'அப்புறம் எதற்கு இந்தக் கதை?' என்கிறீர்களா? வேட்டையை விட்டுவிடுவோம். அந்த இருக்கையில் இருக்கும் பக்கிளை மட்டும் பார்ப்போம். மரம் ஏறுபவர், கட்டடத்துக்கு பெயின்ட் அடிப்பவர், மலையேற்றம் போகும் கல்லூரி மாணவர் என இடுப்பில் ஹார்னஸ் கட்டும் எல்லோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏன், ஹெல்மெட் ஸ்ட்ராப் போடும் நமக்கும்கூட இருக்கிறது.

எடை எந்த வழியாகப் போகிறது?

சேடிலில் இரண்டு முக்கியமான கயிறுகள் உண்டு. மரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பின் இரு பக்கத்து வளையங்களையும் இணைத்து, மரத்தைச் சுற்றிப் போடுவது ஒன்று. மின்கம்பம் ஏறும் லைன்மேன் போடுவாரே, அதே மாதிரி. உயரத்துக்குப் போன பிறகு, தலை மட்டத்துக்கு மரத்தில் இறுக்கிக் கட்டுவது இன்னொன்று. இதை 'டெதர்' என்பார்கள்.

சேடிலின் முன்பக்கத்தில் இடது, வலது வளையங்களை இணைக்கும் குட்டிக் கயிறுக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். டெதரையும் பிரிட்ஜையும் காரபினர் என்ற உலோகக் கொக்கி இணைக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் எடை மரத்திலிருந்து டெதர், காரபினர், பிரிட்ஜ், பக்கவாட்டு வளையங்கள், இருக்கைத் துணி என்று போகிறது.

கவனித்தீர்களா? பெரும்பாலான சேடில்களில், இந்தப் பாதையில் பக்கிளே கிடையாது! இடுப்புப் பட்டையிலும் தொடைப் பட்டைகளிலும் பக்கிள்கள் இருக்கின்றன. ஆனால், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது அவற்றின் மீது பெரிதாக எடை விழுவதில்லை. இருக்கை நழுவாமல் உடம்போடு பிடித்துவைப்பதுதான் அவற்றின் வேலை.

சும்மா இருக்கும் பக்கிள்தான் ஆபத்து!

அமெரிக்காவில் பலர் காசை மிச்சப்படுத்த, பட்டையும் பக்கிளும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே சேடில் தைத்துக்கொள்கிறார்கள். அப்போது எழும் முதல் கேள்வி, 'எடை விழாத பக்கிள்தானே... ஸ்கூல் பேகில் வருகிற பிளாஸ்டிக் கிளிக் பக்கிள் போதாதா?' என்பதுதான். பிளாஸ்டிக்குக்கு ஆதரவாகக் காரணங்களும் இருக்கின்றன. விலை குறைவு, எடை குறைவு. உலோகம் போல 'டங்' என்று சத்தம் போட்டு மானை விரட்டாது.

இப்போது இப்படி யோசியுங்கள். கால் வழுக்கி உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்து, தலை கீழே போய்விட்டது. அல்லது மயக்கம் வந்து உடல் தளர்ந்துவிட்டது. அந்த நொடியில் இருக்கை அதே இடத்தில் இருக்கும். ஆள்தான் அதிலிருந்து நழுவப் பார்ப்பார். அவரைத் தடுக்க இருப்பவை இடுப்புப் பட்டையும் தொடைப் பட்டைகளும் மட்டும்தான். அதுவரை சும்மா இருந்த பக்கிள் மீது மொத்த பாரமும் ஒரே உதறலில் விழும்.

ஹெல்மெட் ஸ்ட்ராப்பும் இதே கதைதான். வருடம் முழுக்க அது எதையும் தாங்குவதில்லை. விழும் அந்த ஒரு நொடியில் அது அறுந்தால், ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். எனவே, 'தினமும் எவ்வளவு தாங்குகிறது?' என்று பார்த்து பக்கிள் வாங்கக் கூடாது. 'மோசமான நாளில் எவ்வளவு தாங்க வேண்டும்?' என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

80 கிலோ ஆள், 560 கிலோ இழுவை!

மோசமான நாளில் எவ்வளவு பாரம் விழும்? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ எடையுள்ளவர் கயிறு தளர்வாக இருந்ததால் 60 செ.மீ கீழே விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறும் பட்டையும் நீண்டுகொடுத்து, 10 செ.மீ தூரத்துக்குள் அவரை நிறுத்துகின்றன. மொத்தம் 70 செ.மீ-யை நிறுத்திய தூரமான 10 செ.மீ-யால் வகுத்தால் 7. அதாவது, எடையைப் போல 7 மடங்கு. சராசரியாக 560 கிலோ இழுவை! உச்சகட்ட இழுவை இதைவிட அதிகமாக இருக்கும்.

கயிற்றில் தளர்வே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. 'டெதரைத் தலை மட்டத்துக்குக் கட்டு, தளர்வு விடாதே' என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். சேடில் உட்கார்ந்து சாய்வதற்காகச் செய்யப்பட்டது. உயரத்திலிருந்து விழுபவரைப் பிடிப்பது அதன் வேலை கிடையாது.

இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பி உயரத்தில் வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான 'ஓஷா' உணர்ந்திருக்கிறது. கீழே விழுபவரைப் பிடிக்கும் சாதனமாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்த 1998, ஜனவரி 1 முதல் அது தடை விதித்தது. அதற்குப் பதில் முழு உடல் ஹார்னஸ். அதில் வரும் டி-வளையங்களும் கொக்கிகளும் குறைந்தது 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. 80 கிலோ ஆளுக்கு இவ்வளவா என்று தோன்றும். தேய்மானம், கோணல் இழுவை, திடீர் உதறல் என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அதிகப்படி. இந்த விதி தொழிலாளர்களுக்கானது. பொழுதுபோக்காக மரம் ஏறுபவரை யாரும் வந்து சோதிப்பதில்லை. அவருக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர்.

எந்த பக்கிள் எதற்கு?

*பிளாஸ்டிக் கிளிக் பக்கிள்:* பை, பாட்டில் உறை போன்றவற்றை மாட்ட ஓகே. இடுப்பிலும் தொடையிலும் வேண்டாம். வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் பலம் இழக்கும். கடும் குளிரில் விறைத்து உடையும். உள்ளே ஒரு பல் விரிந்திருந்தாலும் 'க்ளிக்' சத்தம் வழக்கம்போலவே கேட்கும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

*மடக்கிப் போடும் உலோக பக்கிள்:* மலையேற்ற ஹார்னஸ்களில் பல காலமாக இருப்பது. பட்டையை ஒரு முறை நுழைத்து, திரும்ப மடக்கி மறுபடியும் நுழைக்க வேண்டும். உறுதியானது, விலையும் குறைவு. மடக்க மறந்தால் மட்டும் ஆபத்து. சும்மா நிற்கும்போது பிடித்துக்கொள்வது போலவே இருக்கும், பாரம் விழுந்ததும் உருவிக்கொண்டு வரும்.

*துளை பக்கிள்:* நாம் பேன்ட்டுக்குப் போடும் பெல்ட் போல, உலோக வளையம் பதித்த துளையில் முள் நுழையும் வகை. வேலைத்தள ஹார்னஸ்களில் தொடைப் பட்டைக்கு வருகிறது. சரியாக மாட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

*பாரம் இருக்கும்போது திறக்காத உலோக பக்கிள்:* ஆஸ்திரிய நிறுவனமான ஆஸ்ட்ரிஆல்பினின் 'கோப்ரா' இதில் பிரபலம். இரண்டு பக்கத்து விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் திறக்கும். எடை தொங்கிக்கொண்டிருந்தால் அழுத்தினாலும் திறக்காது. ஒரு பக்கம் மட்டும் மாட்டி, இன்னொரு பக்கம் மாட்டாமல் நிற்கவும் செய்யாது. விலைதான் அதிகம். இதே தோற்றத்தில் மலிவாக வருபவற்றில் உருவம் மட்டும்தான் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பக்கிளின் உடலிலேயே தாங்கும் அளவு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் 'கேஎன்' என்ற ஆங்கில எழுத்துகளோடு இருக்கும். அது கிலோ நியூட்டன். 1 கிலோ நியூட்டன் என்பது சுமார் 102 கிலோ எடை. விற்பனைப் பக்கத்தில் 'ஹெவி டியூட்டி', 'மிலிட்டரி' என்று போட்டிருப்பதெல்லாம் அளவு ஆகாது.

2. அந்த எண் உடையும் அளவா, பாதுகாப்பாகப் பயன்படுத்தும் அளவா என்று பாருங்கள். உடையும் அளவு என்றால், அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே நம்ப வேண்டும்.

3. பக்கிளின் அகலமும் பட்டையின் அகலமும் பொருந்த வேண்டும். 1.75 அங்குல பக்கிளில் 1 அங்குலப் பட்டை போட்டால் ஒரு ஓரமாக ஒதுங்கி நழுவும். பட்டையின் தடிமனும் முக்கியம். மெல்லிய பட்டை வழுக்கும்.

4. பட்டையை மாட்டி இறுக்கிய பிறகும் 3 அங்குலமாவது வால் மிச்சம் இருக்க வேண்டும். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போடும் நாளிலும் இது இருக்கிறதா என்று பார்த்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. பக்கிள் எவ்வளவு தாங்கினாலும், அதைப் பட்டையோடு பிடித்திருப்பது தையல்தான். ஜீன்ஸ் பாக்கெட் ஓரத்தில் நெருக்கமாக வருமே 'பார் டேக்' தையல், அதன் பலமான வடிவம்தான் ஹார்னஸில் போடப்படுகிறது. வீட்டுத் தையல் மெஷினில் சட்டை நூலால் போட்ட தையல், நல்ல பக்கிளையும் வீணாக்கிவிடும். சோதித்துச் சான்று பெற்ற ஹார்னஸை முழுதாக வாங்குவதே நல்லது.

போடும்போது பார்க்க வேண்டியவை

வேட்டைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே, இருட்டில் மரம் ஏறுகிறார்கள். கையில் க்ளவுஸ், இடுப்புக்கு மேல் ஜாக்கெட். பக்கிள் கண்ணுக்கே தெரியாது. இதனால், தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கிளையும் கையால் தொட்டு, பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். 'க்ளிக்' சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரு புல், கொஞ்சம் மண், ஜாக்கெட்டின் ஓரம் உள்ளே சிக்கினாலும் முழுதாகப் பூட்டாது.

உலோகச் சத்தம் தொந்தரவு என்றால், பக்கிளின் வெளிப்புறத்தில் துணி டேப் ஒட்டலாம். விசை நகரும் இடத்திலும், அளவு பொறித்த இடத்திலும் ஒட்டக் கூடாது.

மரத்தில் ஏறும் முன் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கிப் பழகுவது நல்லது. பட்டை எங்கே அழுத்துகிறது, எது நழுவுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். ஹார்னஸில் அசையாமல் நீண்ட நேரம் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும், போனைக் கைக்கு எட்டும் பாக்கெட்டில் வைப்பதும் இதனால்தான்.

'புதுசு ஆர்டர் போட்டிருக்கேன்!'

டாட் ஸ்கின்னர், உலகப் புகழ்பெற்ற அமெரிக்க மலையேற்ற வீரர். 2006, அக்டோபர் 23 அன்று கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் 'லீனிங் டவர்' என்ற பாறையிலிருந்து இறங்கும்போது விழுந்து இறந்தார். கயிறு அறுபடவில்லை. ஹார்னஸின் முன்பக்கத்தில் இருந்த துணி வளையம் தேய்ந்து அறுந்துவிட்டது. அது நைந்துபோயிருப்பதை முன்பே கவனித்து, புது ஹார்னஸுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். புதியது கைக்கு வருவதற்குள் விபத்து நடந்துவிட்டது.

அனுபவத்தில் அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. நைந்த பட்டை என்று தெரிந்த பிறகு 'இன்னும் ஒரு முறை' என்ற சலுகையைத் தரக் கூடாது என்பதுதான் அவரது மரணம் சொல்லும் செய்தி. பட்டை நிறம் மங்கியிருந்தால், ஓரம் பிசிறு விட்டிருந்தால், தையல் நூல் ஒன்று அறுந்திருந்தால், பக்கிளில் விரிசலோ துருவோ இருந்தால், ஒரு முறை பலமாக விழுந்து அது தாங்கியிருந்தால், அதைத் தூக்கிப் போடுங்கள். போடும் முன் கத்தரித்துவிடுங்கள். குப்பையிலிருந்து யாரும் எடுத்துக் கட்டிக்கொள்ளக் கூடாது. எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் துணிக்கு வயது உண்டு. பெட்சல் போன்ற நிறுவனங்கள் தங்கள் துணிப் பொருள்களுக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகள் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

நம் வீட்டில்...

தோட்டத்தில் தென்னை ஏற வருபவர், அடுக்குமாடியில் பெயின்ட் அடிக்க வருபவர், ஏ.சி மாட்ட ஜன்னலுக்கு வெளியே இறங்குபவர்... இவர்களில் பலர் பெல்ட் இல்லாமல்தான் வருகிறார்கள். பெல்ட் இருந்தாலும், அதன் பக்கிளை யாரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் தொழிற்சாலை, கட்டுமானப் பணிகளுக்கான ஹார்னஸுக்கு ஐ.எஸ் 3521 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையோடு இந்த எண்ணையும் தேடுங்கள். ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ் 4151.

அடுத்த முறை உங்கள் வீட்டுச் சுவரில் ஒருவர் ஏறும் முன், 'அண்ணே, பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பாருங்க' என்று சொல்லுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். அவர் வீட்டிலும் சாயங்காலம் வரை ஒரு குடும்பம் அவருக்காகக் காத்திருக்கும்.