இரவில் குளிராமல் உறங்கினாரா?

பிள்ளை ஒருவன் மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போகிறான் என்றால், எந்தச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்னும் இரண்டு கேள்விகளையே உற்றார் உறவினர் முதலில் கேட்கிறார்கள். இவ்விரண்டும் குறைவற அமைந்துவிட்ட பின்னரும் அந்நிய மண்ணில் ஒரு மாணவன் எவ்வளவு தனித்துப் போகக்கூடும் என்பதை அறிய விரும்புவோர், கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கேம்பிரிட்ஜில் கழித்த ஐந்தாண்டு வாழ்வைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது 26. சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரி தன் பங்காக 60 பவுன் கொடுத்தது. அவருடைய மேதையைக் கண்டுணர்ந்து வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி வழிகாட்டியாக இருந்தார். ஹார்டியின் சகாவான நெவில், துறைமுகத்துக்கே வந்து அழைத்துப் போய்த் தம் இல்லத்திலேயே முதலில் தங்க வைத்தார். ஒரு மாணவனுக்கு இதைவிடச் சிறந்த ஆரம்பம் வாய்ப்பது அரிது.

ஆனால் ஆங்கிலேயக் கல்லூரி வாழ்வின் உயிர்நாடி, மாலையில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் போஜன மண்டபத்தில் இருந்தது. ஆசாரம் மிக்க வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து, புலால் தீண்டுவதில்லை என்ற உறுதியோடு சென்றிருந்த ராமானுஜன் அங்கே உண்ணவில்லை. தம் அறையிலேயே சிறிய அடுப்பை மூட்டித் தாமே சமைத்துக்கொண்டார். அதனால், அறிமுகங்கள் நட்பாகக் கனியும் அந்த மேஜை அவருக்கு எட்டாமலே போயிற்று. வந்த சில மாதங்களிலேயே மகாயுத்தம் மூண்டது. லிட்டில்வுட் போன்ற கணித அறிஞர்கள் யுத்தப் பணிக்குப் போய்விட, காய்கறி கிடைப்பதும் நாளுக்கு நாள் அரிதாயிற்று.

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பயின்றவரும், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவருமான மஹலனோபிஸ், ஒரு குளிர்நாளில் ராமானுஜனைப் பார்க்கச் சென்றார். கணப்பை ஒட்டி அமர்ந்திருந்தவரிடம், இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டார். மேலங்கியை மாட்டிக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று பதில் வந்தது. கம்பளி போதவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தால், அங்கே கட்டிலின் மீது பல கம்பளிகள், விளிம்புகள் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, விரிப்பின் கீழ் ஒழுங்காகக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது, பாயில் படுத்துப் பழகிய அந்த மகானுக்குத் தெரிந்திருக்கவில்லை; அத்தனை நாளும் மேல்விரிப்பின் கீழேயே நடுங்கிக் கிடந்திருக்கிறார். கேட்டிருந்தால் எவரும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்பதற்கு அவருக்குச் சங்கோசம். தாமாகச் சொல்வதற்கோ அருகில் யாருமில்லை.

மற்றொரு சமயம், இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் அவளுடைய தோழியையும் அழைத்துத் தம் கையால் சமைத்து விருந்திட்டார். மூன்றாம் முறை ரசம் பரிமாற வந்தபோது பெண்கள் இருவரும் போதும் என்று மறுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். வாடகை மோட்டார் ஏறிப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுன் அனுப்பும்படி. 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்துவதே உபசாரமாகிய கும்பகோணத்திலிருந்து வந்து, நாள்தோறும் தனியே உண்டு வந்த ஒருவர், தாம் பரிமாறியதை மறுத்ததைத் தம்மையே மறுத்ததாக எண்ணியிருந்தால், அதைப் பேதைமை என்று நாம் தள்ளிவிட முடியாது.

1916இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் கிடைத்தது; 1917இல் நோய் பற்றிக்கொண்டது. 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் பதவியும், டிரினிடியின் ஃபெல்லோ பதவியும் அவரைத் தேடி வந்தபோது அவர் நோயாளி. அன்றைய வைத்தியர்கள் க்ஷயம் என்று கருதினார்கள். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் கூறுகிறார். 1919இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, 32ஆம் வயதில் மறைந்தார். நோய்க்குத் தனிமையே காரணமென்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் தனிமையில் சுமந்த நோய் இருமடங்கு கனத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்று டொராண்டோவிலும் மியூனிக்கிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் புளியும் பருப்பும் கடையில் கிடைக்கின்றன. தாயின் முகம் கைபேசியில் தெரிகிறது. ஆனால் வெந்நீர்க் குழாய்களால் அறையைச் சூடேற்றும் கருவியை எப்படித் திருப்புவது என்று அடுத்த அறைக்காரனைக் கேட்கத் தயங்கிப் போர்த்திக்கொண்டு படுக்கும் சங்கோசம், ராமானுஜன் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. ஆகவே தொலைவிலிருக்கும் பிள்ளையிடம் பேசும் தாய்தந்தையரும், அதே ஊரில் முன்பே குடியேறிய நம்மவர்களும், மதிப்பெண்ணைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் மஹலனோபிஸ் கேட்டதைக் கேட்கட்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், அவரைப்போலவே எழுந்து போய்ப் படுக்கையைப் பார்க்கட்டும்.