வெள்ளி தீர்ந்த பிறகு

ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஜப்பான் கடலோரமாக அமைந்தது ஷிமானே மாவட்டம். அங்குள்ள இவாமி சுரங்கத்தில் 1526-ஆம் ஆண்டளவில் வெள்ளி எடுக்கத் தொடங்கினர். அவ்வெள்ளி சீனம், கொரியா முதலிய நாடுகளுக்கும், ஐரோப்பிய வணிகர் கைகளுக்கும் சென்றது. 1923-இல் சுரங்கம் மூடப்பட்டது. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் பரவியதும், மலைக்கிராமத்தாரின் கரி சுடும் தொழிலும் நசித்தது. இளைஞர் ஒசாகா போன்ற நகரங்களை நாடினர். 1955-இல் சுமார் 9,29,000 ஆக இருந்த மக்கள் தொகை 2020-இல் 6,71,000 ஆயிற்று.

ஆள் குறைந்தால் பள்ளி மூடப்படுகிறது, பள்ளி மூடினால் பிள்ளைகளுள்ள குடும்பங்கள் வெளியேறுகின்றன, வயல் தரிசாகிறது, வரி வருமானமும் சுருங்குகிறது. ஒன்றை மற்றொன்று இழுத்துச் செல்வதை நாம் காண்கிறோம்.

இம்மாவட்டத்தின் ஓகி தீவுகளிலுள்ள அமா என்னும் ஊர், அண்டை ஊர்களோடு இணைய மறுத்துத் தனித்து நின்றது. 2005-இல் ஊர்த்தலைவர் தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மன்ற அங்கத்தினரும் சிப்பந்திகளும் அவ்வாறே விட்டுக்கொடுத்தனர். மிச்சப்பட்ட பணம் குழந்தை வளர்ப்பு உதவிக்கும் பயன்பட்டது. மீனையும் சிப்பியையும் சுவை கெடாமல் உறையவைக்கும் நிலையம் எழுந்ததால், தீவின் சரக்கு தொலைவிலுள்ள சந்தைகளை எட்டியது. 2008-இல் 90 பேர்கூட இல்லாத உயர்நிலைப் பள்ளிக்கு வெளியூர் மாணவரையும் வரவேற்றனர். பத்தாண்டுக்குள் தொகை இரட்டித்தது.

மாவட்டத்தின் மக்கள் தொகை இன்னும் குறைந்தே வருகிறது. ஆயினும், பள்ளியை முதலில் காத்திடுக என்பதும், சிக்கனம் மன்றத்திலிருந்தே தொடங்குக என்பதும் பஞ்சாயத்து அங்கத்தினராகிய நாம் கருதத்தக்க பாடங்களாம்.